மாசக் கடைசியில மட்டும் படுக்காத சர்வர்: மானிட்டரிங் போட்ட கதைகள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

எங்களுது கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுற சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனி. எல்.ஆர். (லாரி சரக்கு ரசீது) போடுறது, டீசல் கணக்கு, டிரைவர் பேட்டா எல்லாமே ஒரே சர்வர்லதான். சர்வர் ரூம்னு தனியா ஒண்ணும் கிடையாது. மாடியில அக்கவுண்ட்ஸ் கேபினுக்குப் பின்னாடி மூலையில, பழைய ஃபைல் மூட்டைகளுக்கு நடுவுல ஒரு டவர் மிஷின் நிக்கும். ஐ.டி.யும் நான்தான், பிரின்டர்ல சிக்கின பேப்பரை எடுக்கிறதும் நான்தான்.

போன ஏப்ரல்ல இருந்து அது ராத்திரியில தானா ஆஃப் ஆக ஆரம்பிச்சுது. விடிகாலை 5 மணிக்கு யார்டுல இருந்து போன் வரும், "சார், சிஸ்டம் வரல, நாலு வண்டி நிக்குது"ன்னு. எம்.கே.பி. நகர்ல இருந்து பைக்கை எடுத்துக்கிட்டு ஓடுவேன். வழியில கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு போட்டிருந்தா, அந்தக் கால் மணி நேரமும் மொதலாளி போன்ல காய்ச்சுவார்.

கரண்ட் மேல பழியைப் போட்டேன். யு.பி.எஸ். பேட்டரியை மாத்தினேன். பிரயோஜனம் இல்ல. சர்வர் தன் நடப்பை எழுதி வைக்கிற லாக்கைத் திறந்தா பாதியில அறுந்து நிக்கும், காரணம்னு ஒரு வரி இருக்காது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மாசக் கடைசி மூணு நாலு நாள் மட்டும் படுக்கவே படுக்காது. வேலை அதிகமா இருக்கிற நாள் அதுதானே?

சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து மானிட்டரிங்குக்கு, அதாவது சர்வரைக் கண்காணிக்க, மூணு சாஃப்ட்வேர் ஏத்தினேன்: சர்வரோட நிலவரத்தை எடுத்துக் கொடுக்கிற நோட் எக்ஸ்போர்ட்டர், அதை வாங்கிச் சேர்த்து வைக்கிற ப்ரொமிதியஸ், கிராஃபா வரைஞ்சு காட்டுற கிராஃபானா. எல்லாமே ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. செட்டிங்ஸ் எழுதுற யாமெல் ஃபைல்ல ஸ்பேஸ் விட வேண்டிய இடத்துல டேப் அடிச்சுட்டு ஒரு மணி நேரம் முழிச்சேன். ப்ரொமிதியஸ் கூடவே வர்ற, தப்பைக் கண்டுபிடிக்கிற ப்ரோம்டூலை ஓட்டியிருந்தா எந்த வரின்னு அதுவே சொல்லியிருக்கும். மத்தபடி சாயங்காலத்துக்குள்ள 3000 போர்ட்டுல (மிஷினுக்குள்ள போற நம்பர் போட்ட கதவு மாதிரி) பச்சையும் மஞ்சளுமா கிராஃப் ஓடுது. ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

புதன்கிழமை ராத்திரி சர்வர் படுத்துச்சு. ஒரு மெசேஜும் வரல. எப்படி வரும்? எல்லாத்தையும் அதே மிஷின்லதானே போட்டிருந்தேன்! திருடன் வந்தா குலைக்கட்டும்னு வளர்த்த நாயையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போன கதை.

வீட்டுல கீல் உடைஞ்ச லேப்டாப் ஒண்ணு கிடந்துச்சு. ப்ரொமிதியஸை அதுக்கு மாத்தி, ஆபீஸ்லயே எதிர் மூலையில வச்சேன். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், சர்வர் வந்து சேதி சொல்லணும்னு இது காத்திருக்காது. 15 செகண்டுக்கு ஒரு தடவை தானே போய் சர்வர்ல நோட் எக்ஸ்போர்ட்டர் இருக்கிற 9100 கதவைத் தட்டி, சூடு எவ்வளவு, டிஸ்க்ல இடம் எவ்வளவுன்னு கேட்டு எழுதி வச்சுக்கும். பதில் வரலைன்னா அந்த மௌனத்தையே 0ன்னு குறிச்சுக்கும். செத்த மிஷின் ஃபோன் பண்ணாதுல்ல, அதனால இதுதான் சரி.

அடுத்த கூத்து அலர்ட். சிபியு 80 சதவீதம் தாண்டினா டெலிகிராம்ல சொல்லுன்னு வச்சேன். முதல் ராத்திரியே போன் கதறிக்கிட்டே இருந்துச்சு. "யாருங்க இந்நேரத்துல?"ன்னு வீட்டுல கேட்டதும் மியூட்ல போட்டேன். அதுக்கப்புறம் அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டு நாலே நாலு வச்சுக்கிட்டேன்: ரெண்டு நிமிஷம் பதில் இல்ல, இதே வேகத்துல போனா 24 மணி நேரத்துல டிஸ்க் நிரம்பிடும், சூடு 80 டிகிரிக்கு மேல அஞ்சு நிமிஷம் நிக்குது, நேத்து பேக்கப் வரல. எந்திரிச்சு ஓடுற அளவுக்கு இல்லாத எதுக்கும் ராத்திரியில மணி அடிக்கக்கூடாதுன்னு முடிவு.

பத்து நாள் கழிச்சு சூட்டோட கிராஃபைப் பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் ஏழரை வரைக்கும் படுத்த கோடா போகுது. ஏழரைக்கு மேல மாடிப்படி மாதிரி ஏறுது. 11 மணிக்கு பேக்கப் ஆரம்பிச்சு ஃபைலை சுருக்கும்போது ஒரே செங்குத்து. அதோட முடிவு, மிஷின் தன்னைக் காப்பாத்திக்க தானே அணைஞ்சிடுது.

ஏழேகாலுக்கு அங்கேயே போய் நின்னேன். பெருக்குற அக்கா வந்தாங்க, பெருக்கினாங்க, கதவுக்கிட்ட இருந்த சுவிட்சை வரிசையா அணைச்சாங்க. அதுல ஒண்ணு கேபின் ஏசி.

"அக்கா, அதை ஏன் அணைக்கிறீங்க?"

"மொதலாளிதான்பா சொன்னாரு, போறப்போ எல்லாத்தையும் அணைச்சிட்டுப் போன்னு. உனுக்கு ஏசி வேணும்னா நீ உக்காந்துக்கோ, நான் இன்னா வேணான்னா சொன்னேன்?"

மாசக் கடைசியில அக்கவுண்ட்ஸ் ஆளுங்க நடுராத்திரி வரைக்கும் உக்காருவாங்க, ஏசி ஓடும். அவ்வளவுதான் விஷயம்.

ராத்திரி பூரா ஏசி போட மொதலாளி ஒத்துக்கல. பேக்கப்பை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்தினேன். டவரைப் பிரிச்சா சூட்டை வெளியேத்துற ஹீட் சிங்க்ல தகட்டுக்குத் தகடு கறுப்பா, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம். டிரெய்லர் புகை, ரோட்டுத் தூசி, கடல் காத்து எல்லாம் சேர்ந்த ஒரு பிசுக்கு. பெயிண்ட் பிரஷ்ஷால சுரண்டி எடுத்ததுக்கே 9 டிகிரி இறங்கிடுச்சு. உங்க கதையையும் சொல்லுங்க.

ராயபுரத்திலிருந்து:

கதை அருமை. ஆனா ஒரு ஓட்டை பாக்கி இருக்கு நண்பா. உங்க லேப்டாப் அதே ஆபீஸ் நெட்டுலதானே இருக்கு? எங்க தெருவுல பள்ளம் தோண்டி கேபிளை அறுத்தப்போ மானிட்டரிங் மிஷின் கடமை தவறாம கத்திச்சு, வெளியில யாருக்கும் கேக்கல. இப்போ வெளியில ஒரு மலிவான வாடகை சர்வர்ல அப்டைம் குமான்னு ஒரு மானிட்டரிங் சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். அதுல புஷ்னு ஒரு வகை இருக்கு. உள்ள இருக்கிற மிஷின் நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கணும். குரல் நின்னா குமா எனக்கு மெசேஜ் போடும்.

மணலியிலிருந்து:

நான் நாகியோஸ் என்ற பழைய மானிட்டரிங் மென்பொருள் காலத்து ஆள். 1999-இல் நெட்செயிண்ட் என்ற பெயரில் வந்து, 2002-இல் நாகியோஸ் ஆனது அது. அதன் கான்ஃபிக் ஃபைலோடு மல்லுக்கட்டியவனுக்கு நீங்கள் சொல்லும் யாமெல் தொல்லையெல்லாம் தென்றல் காற்று. இப்போது சாபிக்ஸ் என்ற மானிட்டரிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். சேகரிப்பு, கிராஃப், அலர்ட் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுகிறது. தனி ஆளாகச் சமாளிப்பவர்களுக்கு அதுதான் சௌகரியம் என்பது என் கட்சி.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று டிஸ்க். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி காட்டும் பட்டியலில் 5, 197 என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) 5-இல். படிக்க முடியாமல் ஊசலாடுபவை 197-இல். 0 ஆக இருந்தது நகரத் தொடங்கினால் புது டிஸ்க் வாங்கக் கிளம்பிவிடுவேன். இன்னொன்று யு.பி.எஸ். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ்.ஸை யு.எஸ்.பி. ஒயர் வழியாக நட் என்ற மென்பொருளோடு இணைத்து வைத்திருந்ததால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானாகவே முறையாக ஷட்டவுன் ஆனது. டேட்டாபேஸ் பிழைத்தது. கீழே இருந்த யு.பி.எஸ். பிழைக்கவில்லை.

திருவொற்றியூரிலிருந்து:

ப்ரொமிதியஸோட 9090, நோட் எக்ஸ்போர்ட்டரோட 9100 ரெண்டு போர்ட்டையும் நெட்டுக்குத் திறந்து விட்டுடாதீங்க. போட்டது போட்டபடி விட்டா பாஸ்வேர்டே கேக்காது. என் சர்வர்ல என்ன ஓடுது, எவ்வளவு இடம் இருக்குன்னு ஊரே பார்க்கிற மாதிரி ரெண்டு மாசம் வச்சிருந்தேன் நான்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

போர்ட்டை மூடிட்டேன், நன்றி. 197 இன்னும் 0தான், 5ல மட்டும் 8 காட்டுது. நாளைக்கு மொதலாளிகிட்ட பேசணும்.

ராயபுரம் நண்பருக்கு: குமா போட்ட முதல் நாளே வேலை செஞ்சுது. ராத்திரி எட்டு மணிக்கு "குரல் நின்னுடுச்சு"ன்னு மெசேஜ். பதறி அடிச்சுக்கிட்டு ஓடினா சர்வர் ஓடுது, லேப்டாப் ஓடுது, ரவுட்டர் மட்டும் அணைஞ்சு கிடக்கு. சர்வர் சுவிட்சுல 'அணைக்காதீங்க'ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன், இதுல ஒட்டல. காலையில அக்காகிட்ட கேட்டா, "நீ அந்த சுவிட்சைத்தானே தொடாதேன்ன?"ன்றாங்க. ரவுட்டருக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு.