2023 முடிந்தும் உறுத்திக்கொண்டிருப்பது: அறிபுனை (அறிவியல் புனைகதை) வாசகர்கள், எழுதுபவர்கள் வாருங்கள்

செவ்வாய்க்காரன்
அறிபுனைக்கான ஹ்யூகோ விருதுக் களேபரத்தில் 2023 பிப்ரவரியை எல்லோரும் மறந்துவிட்டோம். கிளார்க்ஸ்வேர்ல்ட் என்கிற அறிபுனை இதழ் 20ஆம் தேதி புதுக் கதைகளுக்குக் கதவைச் சாத்தியது அல்லவா, அந்த வாரம்தான் நானும் கதையை அனுப்ப உட்கார்ந்தேன். கதை அனுப்புகிற படிவம் இருக்க வேண்டிய இடத்தில் 'மூடப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. அதன் ஆசிரியர் நீல் கிளார்க் இரண்டே நாளில் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவார், அந்த வேகத்துக்காகவே முதல் கதவாக அவர் கதவைத் தட்டுகிற ஆள் நான். வேண்டாம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை என்பது புதுசு.

அந்த மாதம் ஒழுங்காக வந்த கதைகள் 700 போல. ஏஐ எழுதியது என்று தடை போட்டவை 500-க்கு மேல். 'தி லாஸ்ட் ஹோப்' என்ற ஒரே தலைப்பில் மட்டும் 20-க்கு மேல் வந்ததாம். என் கதைத் தலைப்பிலும் 'லாஸ்ட்' இருந்தது. அன்றைக்கே தூக்கிவிட்டேன். அந்தக் கதைக்கு இன்றுவரை வேறு பெயர் கிடைக்கவில்லை.

ஸ்லஷ்குழி
மார்ச்சிலேயே திறந்துவிட்டார்களே, செவ்வாய்க்காரரே. சின்ன இணைய இதழ் ஒன்றுக்கு வருகிற கதைகளை ஆசிரியருக்கு முன்னால் படித்துச் சலித்துக் கொடுக்கிறேன், சம்பளம் கிடையாது. ஒரு கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விண்கலத்தில் ஆக்சிஜன் தீர்கிறது, கேப்டன் மகளுக்குக் கடிதம் எழுதுகிறாள். கடிதத்தின் நடுவில், 'ஒரு ஏஐ மொழி மாடல் என்ற முறையில் என்னால் இதைத் தொடர இயலாது'. அனுப்பியவர் தன் கதையை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை! யூட்யூபில் 'கதை அனுப்பிக் காசு பாருங்கள்' என்று எவரோ சொல்லியிருப்பார்.

எனக்கு உறுத்துவது அந்தக் கதை இல்லை. அடுத்து வந்தது நைஜீரியாவின் லாகோஸிலிருந்து, கொஞ்சம் விறைப்பான ஆங்கிலம். முதல் பத்தியிலேயே சந்தேகத்தோடு படித்தேன். நாடு பார்த்துத் தடுத்தால் குப்பை குறையும், ஆனால் வெளிநாட்டுப் புது எழுத்தாளர்கள்தான் அடிபடுவார்கள் என்று கிளார்க்கே அப்போது கவலைப்பட்டார். வரும் வருடங்களில் நம் ஊர் ஆட்கள் கதையோடு சேர்த்து, அதைத் தாங்கள்தான் எழுதினோம் என்பதற்குச் சாட்சியும் அனுப்ப வேண்டியிருக்கும்.

பவளமல்லி
எழுதுகிறவர்கள் கஷ்டம் இருக்கட்டும், படிக்கிறவர்கள்? அப்பாவுக்குக் கண் அறுவைக்குப் பிறகு அச்சு எழுத்து ஆகாது. கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக்கு நாலு வாக்கியம் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு 'அசிமோவ்ஸ்' அறிபுனை இதழ் படிப்பார். 2022 டிசம்பரிலேயே அமேசான் இதழ்ச் சந்தாவை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது, 2023 செப்டம்பரோடு முடிந்தது. அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. கருவியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "வைஃபை சரியில்லை போல, இந்த மாசத்துது இன்னும் வரலை பாரு" என்றார். அந்த நீட்டிய கை கண்ணிலேயே நிற்கிறது.

கடைசிபெஞ்ச்
பவளமல்லி அக்கா, எனக்கும் 'அனலாக்' இதழ் அப்படித்தான் நின்றது. சரி, இதைச் செய்யுங்கள். இதழின் சொந்தத் தளத்தில் மின்னிதழ்ச் சந்தா வாங்குங்கள், சில இதழ்கள் வெயிட்லெஸ் புக்ஸ் என்கிற மின்னூல் கடையிலும் கிடைக்கும். கோப்பு ஈபப் (EPUB) வடிவத்தில் எடுங்கள், பழைய மோபி (MOBI) வேண்டாம். அப்பாவின் கிண்டிலுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும், அமைப்புகளில் பாருங்கள். எந்த முகவரியிலிருந்து அனுப்பப் போகிறீர்களோ அதை அமேசான் கணக்கில் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிட்டு 'வரவில்லை, வரவில்லை' என்பார்கள். அப்புறம் மாதாமாதம் கோப்பை இணைத்து அனுப்பினால் போதும், பழையபடி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கிண்டில் அன்லிமிடெட் என்கிற அமேசானின் மாதக் கட்டணத் திட்டத்தின் பக்கம் போகாதீர்கள், சில இதழ்கள்தான் அதில் இருக்கின்றன. அச்சுப் பிரதி வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தபால் செலவில் இன்னொரு சந்தாவே வாங்கலாம்.

பவளமல்லி
தம்பி, அதெல்லாம் அக்டோபரிலேயே செய்தாயிற்று.

நிலாமுற்றம்
நான் காசு கட்டி, ஹ்யூகோ கொடுக்கிற வோர்ல்ட்கான் மாநாட்டுக்கு (2023இல் சீனாவின் செங்டுவில்) உறுப்பினராகி, நாவல் பிரிவில் ஆர். எஃப். குவாங்கின் 'பேபெல்' என்று எழுதி அனுப்பியவள். இறுதிப் பட்டியலில் அது இல்லை, சரி, ஓட்டு போதவில்லை என்று விட்டுவிட்டேன். 2024 ஜனவரி 20 அன்று ஓட்டுப் புள்ளிவிவரக் கோப்பு வந்தது. திறந்து பார்த்தால் ஓட்டு ஏகத்துக்கு இருக்கிறது! பக்கத்தில் 'தகுதியில்லை'. ஏன்? ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு பெரிய அறிபுனை விருதான நெபுலா வாங்கிய நாவல்! எழுத்தாளர் ஷிரன் ஜே ஜாவோவுக்கும் அதே கதி. விமர்சகர் பால் வெய்மர் விஷயம் கேலிக்கூத்து. அவர் திபெத் போனார் என்று விருது நிர்வாகிகள் குறித்து வைத்திருக்கிறார்கள், மனிதர் போனது நேபாளம்.

குமிழ்
சீன அரசுதான் வெட்டியது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், அக்கா. 2024 பிப்ரவரியில் வெளியான விருது நிர்வாகிகளின் மின்னஞ்சல்களைப் படித்தீர்களா? யார் என்ன எழுதினார்கள், எங்கே போனார்கள் என்று தோண்டிக் கொடுத்தது மேற்கத்திய விருது நிர்வாகிகள். இதில் பாவம், சீன வாசகர்கள். அவர்கள் உட்கார்ந்து ஓட்டுப் போட்ட விருது, அவர்களுக்கும்தான் கறை.

வெள்ளவத்தை வாசகி
நீங்கள் எல்லோரும் குறையையே கதைக்கிறீர்கள். இதே 2023 ஜூலையில்தான் வஜ்ர சந்திரசேகரவின் முதல் நாவல் வந்தது, மறந்துபோச்சா? கொழும்புக்காரர், நியூயார்க் பதிப்பகம். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே முதல் பக்கத்தைத் திறந்தேன். பிறந்த கையோடு பிள்ளையின் நிழலைத் தாய் ஆணியால் பிய்த்தெடுக்கிறாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். பிறகு உள்ளே போகப் போக இனக்கலவரம், முகாம், அடையாள அட்டை. எனக்கு இதுகள் கற்பனை இல்லை, ஆனால் ஒரு சிங்கள எழுத்தாளர் இதை இப்படி எழுதுவார் என்று நினைக்கவில்லை. ஆரோடு இதைப் பேசுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன், அதால்தான் இங்கே வந்தேன்.

ஸ்லஷ்குழி
வாசகி, தனி இழை போடுங்கள், நானும் பாதியில் இருக்கிறேன். முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

நிலாமுற்றம்
குமிழ், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு கட்டியவள் நான், எனக்குப் பதில் வேண்டும். 2024 ஆகஸ்டில் அடுத்த வோர்ல்ட்கான், கிளாஸ்கோவில். யாரையாவது நீக்கினால் காரணத்தோடு வெளியிடுவோம் என்று அவர்கள் இப்போதே சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம். இந்த முறையும் கட்டியாயிற்று. வீட்டில் சொல்லவில்லை.

கடைசிபெஞ்ச்
கட்டியவர்கள் நாமினேஷனுக்குக் கெடு பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் தளம் படுத்துவிடும். இன்னொன்று, செவ்வாய் அண்ணா, தலைப்புக்கு என்னிடம் நாலைந்து யோசனை இருக்கிறது…