அறிவியல் எழுத்தறிவா, அறிவியல் புரிதிறனா? கட்சிப் பிணைப்பு ஆய்வுக்கான கலைச்சொற்கள்

டீச்சருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். மக்கள் அறிவியலை எவ்வளவு புரிந்திருக்கிறார்கள் (ஆங்கிலத்தில் scientific literacy), அது அவர்களுடைய கட்சியோடு எப்படிச் சேர்கிறது என்று நம் ஊரில் கேட்டு ஆராயப்போகிறோம். அதற்கான தமிழ்ச் சொற்களைப் பற்றி நம்மில் ஒருவர் இப்படிச் சொன்னார்:

> மலாயில் ‘லித்தெராசி சைன்ஸ்’ என்கிறார்கள். நாமும் ‘அறிவியல் எழுத்தறிவு’ என்றே போட்டுவிட்டு வினாத்தாள் வேலையைத் தொடங்கலாமே.

வேண்டாம். தமிழில் எழுத்தறிவு என்றால் எழுதப் படிக்கத் தெரிவது. அதற்கு மேல் அந்தச் சொல் நீளாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த) பாட்டிகள் பலருக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் விடியுமுன் ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டால், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று உடனே சொல்வார்கள். மரத்துக்குள் நீரழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் வந்ததும் இலைகள் நீரை ஆவியாக விடுவதால் பால்குழாய்களில் அழுத்தம் இறங்கும். மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) சேர்ந்த பால் முன்கூட்டியே உறையாமலிருக்க அம்மோனியா, பிறகு உறைய வைக்க பார்மிக் ஆசிட் என்பதும் அவர்களுக்குப் பழக்கம். இவர்களை அட்டவணையில் ‘அறிவியல் எழுத்தறிவு அற்றோர்’ என்று எழுதினால், படிக்கிறவர் கைநாட்டு என்றுதான் புரிந்துகொள்வார். கட்சியோடு சேர்த்து எழுதும்போது இன்னும் மோசம். ‘இன்ன கட்சிக்காரர்களிடம் அறிவியல் எழுத்தறிவு குறைவு’ என்று ஒரு வரி வந்தால் அது ஆய்வு முடிவாகப் படாது, வசவாகப் படும்.

‘அறிவியல் அறிவு’ போதாது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் மில்லர் 1983-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் மூன்று கூறுகளைச் சொன்னார்: அறிவியல் எந்த முறையில் இயங்குகிறது என்ற தெளிவு, அடிப்படைச் சொற்களும் கருத்துகளும் தெரிந்திருப்பது, அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகத்தை எப்படிப் பாதிக்கின்றன என்ற உணர்வு. ‘அறிவு’ இரண்டாவதை மட்டுமே பிடிக்கும். ‘அறிவியல் மனப்பான்மை’ வேறு பொருள்; 1976 திருத்தத்தில் இந்திய அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகளில் சேர்ந்த சொல் அது. மனப்பான்மை நாட்டத்தைக் குறிக்கும், நாம் அளக்கப்போவது திறனை. அதனால் ‘அறிவியல் புரிதிறன்’ என்று முன்மொழிகிறேன். ‘புரிதிறன் மதிப்பெண்’, ‘உயர் புரிதிறன்’, ‘புரிதிறன் குறைந்தோர்’ என்று எந்தப் பக்கம் நீட்டினாலும் சொல் முறியவில்லை. யாரையும் குத்தவும் இல்லை.

கேள்விகளை மொழிபெயர்க்கும்போதுதான் பெரிய ஆபத்து இருக்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் அறிக்கைகளில் ஆண்டுக்கணக்காக வரும் ‘சரியா தவறா’ வாக்கியங்களை நல்ல தமிழில் மாற்றினால் விடையே மாறிப்போகும். ‘லேசர் ஒலி அலைகளைக் குவித்து இயங்குகிறது’ என்ற வாக்கியம் தவறு. லேசரைச் ‘சீரொளி’ ஆக்கினால் சொல்லுக்குள்ளேயே ஒளி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றும் தெரியாதவரும் சரியாகச் சொல்லிவிடுவார். ‘ஆண்டிபயாட்டிக் பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும்’ என்பதும் தவறு. அங்கே ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று போட்டால், வைரஸும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதானே, கொல்லும் என்று தெரிந்தவரும் தடுமாறுவார். ‘எலக்ட்ரான் அணுவை விடச் சிறியது’ என்பது சரி. ‘மின்னணு அணுவை விடச் சிறியது’ என்று எழுதினால் அது ஒருவகை அணு என்று படும். முதலாவது மதிப்பெண்ணை ஏற்றும், மற்ற இரண்டும் இறக்கும். மூன்றும் ஒரே தாளில் இருந்தால் மொத்த மதிப்பெண் எதை அளக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கலைச்சொல் ஆர்வம் நமக்கு எவ்வளவு இருந்தாலும், கேள்வித்தாளில் லேசர், ஆண்டிபயாட்டிக், எலக்ட்ரான் என்றே இருக்கட்டும். தூய சொற்களை அறிக்கையில் வைத்துக்கொள்வோம்.

இன்னொரு பொறி, வாக்கியம் அறிவைக் கேட்கிறதா நம்பிக்கையைக் கேட்கிறதா என்பது. 2012-இல் அமெரிக்காவில் பாதிப் பேரிடம் ‘மனிதர்கள் முந்தைய உயிரினங்களிலிருந்து தோன்றினர்’ என்றும், மறுபாதியிடம் ‘பரிணாமக் கோட்பாட்டின்படி’ என்று முன்னால் சேர்த்தும் கேட்டார்கள். சரி என்றவர்கள் முதல் குழுவில் 48 விழுக்காடு, இரண்டாவதில் 72. அண்டம் பெருவெடிப்பில் தொடங்கியது என்ற வாக்கியத்திலும் ‘வானியலாளர்களின் கருத்துப்படி’ என்று சேர்த்ததும் 39, 60 ஆனது. கோட்பாடு என்ன சொல்கிறது என்று தெரிந்தும் ஏற்காதவர்களே இந்த இடைவெளி. ‘-இன்படி’ என்ற ஒட்டை மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டால், புரிதிறனை அளப்பதாக நினைத்துக்கொண்டு சமயப்பற்றை அளந்துகொண்டிருப்போம்.

அடுத்தது ‘கட்சிச் சார்பு’, அதாவது ஒருவர் எந்தக் கட்சியோடு தன்னைச் சேர்த்துப் பார்க்கிறார் என்பது. புள்ளியியலில் ‘சார்பு மாறி’ (விளைவாகப் பார்ப்பது), ‘சாரா மாறி’ (காரணமாகப் பார்ப்பது) ஏற்கெனவே நிலைத்துவிட்டன. ‘கட்சி சாராதவர்’ என்பதும் வழக்கில் உண்டு. ஒரே பத்தியில் ‘கட்சிச் சார்பு இங்கே சாரா மாறி’ என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் கதி என்ன? ‘கட்சிப் பிணைப்பு’ என்று வைத்தால் அமெரிக்க ஏழு படி அளவுகோலும் அப்படியே பொருந்துகிறது: இரு கட்சிக்கும் வலுத்த பிணைப்பு, தளர்ந்த பிணைப்பு, சாய்வு மட்டும் என்று மும்மூன்று படி, நடுவில் பிணைப்பற்றோர். உறுப்பினர் அட்டை வைத்திருப்பது தனி, அது ‘உறுப்பினர் நிலை’. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளையில் பெயர் இருந்தும் ஓட்டை வேறு பக்கம் போடுகிறவர் உண்டு. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் தரவு பாழ்.

---

ஐயாவுக்கு வணக்கம். புரிதிறன் எனக்குச் சம்மதம். ஆறாம் ஆண்டு மாணவர்கள்கூட விளக்கமில்லாமல் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் ‘பிணைப்பு’ எல்லா ஆய்வுக்கும் பொருந்தாது. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் காஹானின் குழு 2012-இல் 1,540 அமெரிக்கர்களிடம் செய்த ஆய்வைப் பலரும் கட்சி ஆய்வு என்றே எடுத்துச் சொல்கிறார்கள். அதில் மக்களைப் பிரித்தது கட்சியால் அல்ல. படிநிலையையும் தனிமனித முனைப்பையும் விரும்புவோர், சமத்துவத்தையும் கூட்டு வாழ்வையும் விரும்புவோர் என்று. அதற்கு ‘உலகநோக்கு’ என்று தனிச்சொல் வேண்டும். புரிதிறனும் எண் கையாளும் திறனும் கூடக்கூட இரு தரப்பும் நெருங்கவில்லை, பருவநிலை மாற்ற அபாயம் பற்றிய கருத்தில் இன்னும் விலகின என்பதே முடிவு. டிரம்மண்ட், ஃபிஷ்ஹாஃப் என்ற ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டதில்தான் அரசியல் அடையாளமும் சமய அடையாளமும் நேரடியாக வருகின்றன. கருமூல உயிரணு (ஸ்டெம் செல்), பெருவெடிப்பு, பரிணாமம், பருவநிலை ஆகியவற்றில் படிப்பு ஏறஏற விலகல் கூடியது. நானோ தொழில்நுட்பத்திலும் மரபணு மாற்ற உணவிலும் அப்படித் தெரியவில்லை.

இந்த விலகலுக்கு ‘இருமுனைப்படுதல்’ (polarisation) என்று சொல்வதுண்டு. அமெரிக்காவில் இரண்டு கட்சி, சரி. இங்கே மலேசியாவில் கூட்டணிக்குள் கூட்டணி. முனை இரண்டோடு நிற்பதில்லை. ‘அணிப்பிளவு’ என்று வைத்தால் எத்தனை அணி இருந்தாலும் தாங்கும்.

---

அணிப்பிளவை ஏற்கிறேன், டீச்சர். உலகநோக்கையும் நம் சொற்பட்டியலில் தனிப் பதிவாகச் சேர்த்துவிடுவோம்.

நம் ஊருக்கு ஒரு கேள்வி சேர்க்கலாம் என்று பார்க்கிறேன். ‘கதிரியக்கம் முழுவதும் மனிதர் உண்டாக்கியது’ என்ற பழைய வாக்கியம் தவறு. தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் மண்ணிலேயே இருக்கிறது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில், தோரியக் கழிவு வெளிவந்த அரிய மண் (rare earth) ஆலை 1980-களில் இயங்கிய வட்டாரம் இது. தோரியம் என்ற பெயர் பெரியவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் குவாந்தான் பக்கம் கெபேங்கில் உள்ள லைனஸ் நிறுவனத்தின் அரிய மண் ஆலையைக் கேள்விக்குள் இழுக்கக் கூடாது. 2012-இல் அது உற்பத்தியைத் தொடங்கியபோது எதிர்க்கட்சிகள் கடுமையாக எதிர்த்தன. 2018-இல் ஆட்சி மாறி, 2019 ஆகஸ்டில், அந்த எதிர்க்கட்சிகளில் சில இருந்த நம்பிக்கைக் கூட்டணி (பக்காத்தான் ஹராப்பான்) அரசின் காலத்தில் நிபந்தனைகளோடு உரிமம் நீட்டிக்கப்பட்டது. ஆலையின் பெயர் வந்தாலே பதில் தோரியத்தைப் பற்றி இருக்காது, கட்சியைப் பற்றித்தான் இருக்கும். வேண்டுமானால் அதைத் தனியாக, அணிப்பிளவைப் பார்க்கும் கருத்துக் கேள்வியாக, அறிவியல் கேள்விகளுக்குப் பின்னால் வைக்கலாம்.

வரிசையும் முக்கியம். அறிவியல் கேள்விகள் முதலில், கருத்துக் கேள்விகள் அடுத்து, கட்சிப் பிணைப்பு கடைசியில். கட்சியை முதலில் கேட்டால் மீதிக் கேள்விகளுக்கு மனிதர் கட்சிக்காரராகவே பதில் சொல்வார். அந்தக் கடைசிக் கேள்வியை வாயால் கேட்காமல், மடித்துப் பெட்டியில் போடும் சீட்டாகக் கொடுக்க வேண்டும்; அறிவியல் தாளுக்கும் சீட்டுக்கும் ஒரே குறியெண் இருக்கட்டும், பெயர் வேண்டாம். படிக்க வராதவர்களுக்குச் சீட்டில் கட்சிச் சின்னங்களை அச்சிடலாம். கிளைப் பொறுப்பில் இருப்பவர் யாரும் தாளை எடுத்துக்கொண்டு லயத்துக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) போகக் கூடாது.

‘தெரியாது’ என்ற கட்டத்தை ஒவ்வொரு கேள்விக்கும் வையுங்கள். அது இல்லாவிட்டால், சரி தவறு இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்பவருக்கும் பாதி மதிப்பெண் விழுந்துவிடும்.