'டெஃபினிஷன் ஆஃப் டன்'னுக்கு 'நிறைவு வரையறை'

எல்லாருக்கும் வணக்கம்,

சாஃப்ட்வேர் டீம்ல ஒரு வேலை எப்போ உண்மையிலேயே முடிஞ்சதா கணக்குன்னு எல்லாரும் ஒத்துக்குற பட்டியலுக்குத்தான் 'டெஃபினிஷன் ஆஃப் டன்'னு பேரு. அதுக்குத் தமிழ்ல 'முடிவு வரையறை'ன்னு வைக்கலாம்னு வந்த பரிந்துரைய நல்லா யோசிச்சுப் பாத்தேன், எனக்கு மனசு ஒப்பலை. முடிவுன்னா தீர்மானம்னும் எடுத்துக்கலாம், கடைசின்னும் எடுத்துக்கலாம், அதைவிட முக்கியம், "கோடிங் முடிஞ்சிருச்சு சார், டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி"ன்னு தினமும் காலைல நின்னுக்கிட்டே பேசுற ஸ்டாண்டப் மீட்டிங்ல சொல்றோமே, அந்த 'முடிஞ்சிருச்சு'வும் இதேதான். அந்தப் பேச்சுக்கு அணை போடத்தானே இந்த வரையறையே வந்துச்சு. அதனால 'நிறைவு வரையறை'ன்னு வைக்கலாம்னு சொல்றேன்.

ஒரு சின்ன உதாரணம். பில் போடுற ஆப்ல ஜிஎஸ்டி கணக்கு ஒரு ஸ்டோரி, அதாவது பயனருக்கு வேண்டிய ஒரு சின்ன வேலைன்னு வச்சுக்குங்க. 99.50 ரூபா பொருள், வரி 18 சதவீதம், அப்போ 17.91 ரூபா. ஆனா பில்லுல மத்திய வரி 9, மாநில வரி 9ன்னு பிரிச்சுக் காட்டணும், ஒவ்வொண்ணும் 8.955, தனித்தனியா ரவுண்ட் பண்ணா 8.96, கூட்டினா 17.92. ஒரு பைசா இடிக்குது. ஸ்க்ரீன் அழகா ஓடும், டெமோவுல யாருக்கும் தெரியாது, போர்டுல அந்த வேலைக்கான கார்டை 'டன்' பக்கம் தள்ளிட்டு அடுத்த வேலைக்குப் போயிடலாம், மாசக் கடைசில அக்கவுண்ட்ஸ்காரங்க டேலி ஆகலைன்னு தலைய பிச்சுக்கும்போதுதான் விஷயம் வெளிய வரும். ரவுண்டிங் டெஸ்ட் எழுதி, இன்னொருத்தர் கோடைப் பாத்து, பழைய டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனப்புறம்தான் அந்தக் கார்டு நகரணும்னு டீமே முன்கூட்டி ஒத்துக்குறதுதான் நிறைவு வரையறை.

நேரமும் காசும் இறுக்கும்போது முதல்ல வெட்டு விழுறது தரத்துலதான், ஏன்னா அது வெட்டினது உடனே கண்ணுக்குத் தெரியாது. இதை அஜைல்காரங்க, அதாவது சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னப் பகுதியா செஞ்சு காட்டுற முறைக்காரங்க, ஆரம்பத்துலயே புரிஞ்சு வச்சிருந்தாங்க. 1994ல வந்த டிஎஸ்டிஎம்ங்கற முறையில நேரம், செலவு, தரம் மூணையும் கட்டிப்போட்டுட்டு அம்சங்களைத்தான் கூட்டிக் குறைப்பாங்க, 'கண்டிப்பா வேணும்'ங்கற பட்டியல் மொத்த உழைப்புல 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னும் சொல்வாங்க. ஸ்க்ரம்ங்கற அஜைல் முறையோட 2020 கைடும் அதேதான், ஸ்பிரிண்ட்ங்கற சில வார வேலைச் சுற்று நடக்கையில தரம் இறங்கக் கூடாது, ஸ்கோப்பை, அதாவது என்னென்ன செய்யணும்ங்கறதை, அதை முடிவு பண்ற ப்ராடக்ட் ஓனர்கிட்ட பேசி மாத்திக்கலாம். வரையறைக்கு எட்டாத ஐட்டத்தை ரிலீஸ் பண்ணவும் முடியாது, ஸ்பிரிண்ட் கடைசில நடக்குற ரிவ்யூவுல காட்டவும் முடியாது, திரும்ப பேக்லாகுக்கு, அதாவது செய்ய வேண்டிய வேலைப் பட்டியலுக்குத்தான் போகணும். அதாவது பேரம் பேசணும்னா அம்சத்துல பேசு, தரத்துல கை வைக்காதே. அந்தக் கண்டிப்பு 'நிறைவு'ங்கற சொல்லுல இருக்கு. குடம் நிறைஞ்சுதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி, 'தொண்ணூறு சதவீதம் நிறைவு'ன்னு சொன்னா அது நிறைவே இல்லைன்னு கேக்குறவங்களுக்கே புரிஞ்சிடும்.

'ஏற்பு நிபந்தனை'ன்னே போட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அதை 'அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா'வுக்கு ஒதுக்கிடுவோம்ங்க, ரெண்டும் வேற. அது ஒவ்வொரு ஸ்டோரிக்கும் தனித்தனி, ஜிஎஸ்டி கூட்டல் பைசா பிசகாம வரணும்ங்கறது அந்த ஸ்டோரியோட ஏற்பு நிபந்தனை. டெஸ்ட் எழுதியிருக்கணும், இன்னொருத்தர் கோடைப் பாத்திருக்கணும்ங்கறது எல்லா ஸ்டோரிக்கும் பொது, அதுதான் நிறைவு வரையறை. இது ரெண்டையும் குழப்பிக்கிட்ட டீம்கள் நிறைய, சொல்லும் ஒண்ணாப் போச்சுன்னா குழப்பம் தீரவே தீராது.

'பணி நிறைவு வரையறை'ன்னு முழுசா வைக்கிறதும் வேண்டாம், நம்ம ஊர்ல பணி நிறைவுன்னாலே ரிட்டயர்மெண்ட், மாலையும் சால்வையும்தான் ஞாபகம் வரும்.

கார்டு நகர்த்துற போர்டுல இருக்குற நெடுவரிசைகளுக்கு 'செய்யணும்', 'நடக்குது', 'நிறைவு'ன்னு போட்டுக்கலாம். மொழிபெயர்ப்புக் கோப்புல ஏத்துறதுக்கு முன்னாடி டெஸ்டிங் பக்கம் வேலை பாக்குறவங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க, இந்தச் சொல்லை தினமும் வாயில வச்சுப் புழங்கப் போறது நீங்கதான்.