இலைப்பூச்சியையும் ஈவினிங் பிரவுன் வண்ணத்துப்பூச்சியையும் ஒப்பிடலாமா?

கேள்வி – கோட்டூர்புரம் வாசகி

வணக்கம். எங்கள் குடியிருப்பின் மதிலோரம் உதிர்ந்து கிடக்கும் வாதாம் இலைகளுக்கு நடுவிலிருந்து, அந்தி நேரத்தில், ஈவினிங் பிரவுன் என்னும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி சருகே எழுந்து பறப்பதைப் போல எழுகிறது. பள்ளி மாணவர்களுக்காக அதனை மேற்குத் தொடர்ச்சி மலையின் இலைப்பூச்சியுடன் ஒப்பிட்டு எழுதுகிறேன். இரண்டும் இலையைப் போலத் தோன்றுவதால் அவற்றை உறவுடையவை எனக் கொள்ளலாமா?

பதில் – தாம்பரம் வாசகர்

வணக்கம் அம்மா. உறவு மிகத் தொலைவானது. இலைப்பூச்சி, குச்சிப்பூச்சிகளின் வரிசையைச் சேர்ந்தது. அதற்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. விதையைப் போன்ற முட்டையிலிருந்து வரும் குஞ்சு, பச்சையாக அல்லாமல் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்து, இலையைத் தின்னத் தொடங்கியபின் பச்சையாகி, தோலுரித்துத் தோலுரித்தே பெரிதாகிறது. ஈவினிங் பிரவுனோ முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என நான்கு பருவங்களைக் கடக்கிறது. கால்களையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். இலைப்பூச்சியின் கால்களில்கூட இலைத்துணுக்குகளைப் போன்ற தட்டையான விரிவுகள் உண்டு; ஈவினிங் பிரவுனுக்கு முன்னங்கால்கள் குறுகிவிட்டதால் நான்கு கால்களில்தான் நிற்கிறது.

பதில் – வேளச்சேரி வாசகர்

மேலே சொன்னவை சரியே. ஆயினும் பருவகாலத்துக்கு ஏற்ற தோற்ற மாற்றத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். மழைக்காலத்து ஈவினிங் பிரவுனின் இறக்கை அடிப்புறத்தில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாகத் தெரியும். வறண்ட காலத்தில் பிறப்பவற்றிலோ அவை வெறும் புள்ளிகளாகச் சுருங்கிவிட, அடிப்புறம் முழுவதும் சருகின் நிறத்தைப் பெறுகிறது. அதுவும் ஒன்றைப் போல மற்றொன்று இருப்பதில்லை. இலைப்பூச்சியின் வேடம் இவ்வாறு மழைக்காலம், வறண்ட காலம் என மாறுவதில்லை. மற்றொன்று: ஈவினிங் பிரவுனின் புழு புல்லையும் நெற்பயிரையும் தின்று வளர்வது, தலையில் இரு சிறு கொம்புகளுடன் புல்லின் நிறத்திலேயே இருக்கும். ஆகவே குடியிருப்பில் ஒரு மூலையிலாவது புல்லைத் தரையோடு வெட்டாமல் விடச் சொல்லுங்கள். மாணவர்கள் நேரிலேயே பார்க்கலாம்.

கோட்டூர்புரம் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. இலைப்பூச்சியில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமா?

தாம்பரம் வாசகர்

இல்லை அம்மா. பெண்ணின் முன்னிறக்கைகள் வயிற்றை மூடி, நடுநரம்பும் கிளைநரம்புகளுமாக ஓர் இலையாகவே அமைந்திருக்கும். ஆனால் அதனால் பறக்க இயலாது. ஆண் ஒல்லியானது, ஒளி ஊடுருவும் பின்னிறக்கைகளால் பறந்து பெண்ணைத் தேடிச் செல்லும்.