நடிகைகளுக்கான ஒப்பந்த மாதிரி யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அக்கா, தங்கைகளே. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தமிழ் நாடகத்துக்கு ஒத்திகை போய்க்கொண்டிருக்கிறது, பெண்கள் நாங்களே சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதப் பார்க்கிறோம்: சம்பளம் எப்போது, ஒத்திகை நள்ளிரவு வரை இழுத்தால் வீட்டுக்குப் போகும் கிராப் வாடகைக் கார் காசு யார் தருவது, உடை மாற்றத் தனி அறை, அப்புறம் நெருக்கமான காட்சியில் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது. இதற்குத்தான் நாடகக் குழுவில் "குடும்பம் மாதிரி பழகுறோம், எழுத்தெல்லாம் எதுக்கு" என்கிறார்கள். குடும்பம் என்றால் சம்பளம் கேட்கக்கூடாதோ!

மலேசியாவின் 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே போகலாம், சரி, ஆனால் விஷயம் அந்த அளவுக்குப் போகாமல் முன்பே தடுப்பதுதான் எங்கள் கவலை. தமிழிலோ மலாயிலோ மாதிரி இருந்தால் அனுப்புங்கள். சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டத்தில் பகுதிநேர நடிகையாகப் பதிந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.