முழங்கால் குருத்தெலும்புக்கு எந்த மாடல்?

தக்கலை_மாணவி:
பனை ஏறும்போது முழங்கால் குருத்தெலும்பில் விழும் அழுத்தத்தைக் கணக்கிடுவதுதான் என் எம்.இ. புராஜெக்ட். என் மாமா பனையேறி. இப்போது கைப்பிடிச் சுவர் இல்லாமல் அவரால் படி இறங்க முடியாது. அதனால் இது எனக்கு வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. கணக்கிடும் மாடலில் குருத்தெலும்பை வெறும் எலாஸ்டிக் பொருளாக (பாரம் எடுத்ததும் ரப்பர் போலப் பழைய வடிவுக்குத் திரும்புவது) வைத்தால் போதுமா? பாளை சீவும்போது முழங்காலை மடக்கியபடி உச்சியில் வெகுநேரம் இருப்பார்களே?

நாகர்கோவில்_மெக்:
அந்த வெகுநேரம்தான் விஷயமே, தங்கச்சி. குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை நீர். பாரம் விழுந்ததும் முதலில் தாங்குவது நீரின் அழுத்தம். பிறகு நீர் மெல்லக் கசிய, பாரம் திடப்பகுதிக்கு மாறும். 1980இல் வான் மோவும் குழுவினரும் தந்த இருகட்ட மாடலின் (திடமும் நீரும் கலந்த பொருளாக வைப்பது) அடிப்படை இதுதான். ஏறும் ஒவ்வொரு அடிக்கும், பாய்சான் விகிதம் (அமுக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்ற அளவு) 0.5ஐ ஒட்டி, அதாவது கனஅளவு ஏறக்குறைய மாறாதபடி வைத்த எலாஸ்டிக் மாடல் ஓரளவு போதும். உச்சியில் இருக்கும் நேரத்துக்குப் போதவே போதாது.

குளச்சல்_ஆய்வாளர்:
சரியாகச் சொன்னார் அண்ணன். குருத்தெலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளையும் மாடலில் சேர்த்துக்கொள்ளம்மா. இழுவிசையில் அவை மிக விறைப்பானவை. அவற்றை விட்டால் நீரழுத்தம் குறைவாகவே வரும். இந்த மாதிரிக் கணக்குகளுக்கான ஃபெபயோ (FEBio) மென்பொருளில் இருகட்ட மாடல், இழைகள் இரண்டும் உண்டு, இலவசம்தான்.

தக்கலை_மாணவி:
நன்றி அண்ணா, சார். முதலில் மாமா எவ்வளவு நேரம் அப்படி இருப்பார் என்று கேட்டு வருகிறேன்.