ரொக்கம் வாங்க மறுக்கும் பப்களும் கடைகளும்: பிரித்தானியாவில் யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்?

கேள்வி: கிழக்கு லண்டன் வாசகி

வணக்கம்.

கிழக்கு லண்டனில் எங்கள் பகுதி முதியோர் குழுவின் பொறுப்பில் இருக்கிறேன். ஈழத்திலிருந்து எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்து சேர்ந்தவர்களும், இதே தெருக்களில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர்களும், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அதில் உறுப்பினர்கள். வாரத்தில் ஒரு நாள் அருகிலுள்ள பப் ஒன்றில் மதிய உணவுக்குக் கூடுவது எங்கள் நெடுநாள் வழக்கம். எங்களில் பலர் மது அருந்துவதில்லை; ஓய்வூதியக்காரர்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் சாப்பாட்டுக்காகவும், குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டரை நிறுத்திவிட்டு வந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவும், பேச்சுத் துணைக்காகவும் வருகிறார்கள். அந்தப் பப் இனி அட்டையிலும் கைபேசியிலும் மட்டுமே பணம் பெறும் என்று அறிவித்துவிட்டது. அதன் பிறகு சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டால் முழங்கால் வலி என்றோ மழை என்றோ சொல்கிறார்கள். அட்டை இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வராமல் போனவர்களை நான் நன்கு அறிவேன். ஒருவர் ஓய்வூதியத்தை மொத்தமாக எடுத்து, வாடகைக்கு, மின்சாரத்துக்கு, சாப்பாட்டுக்கு எனத் தனித்தனி உறைகளில் வைத்துச் செலவழிப்பவர். இன்னொருவர் வங்கி அட்டையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் கொடுக்கும் தாள்களை வாரச் செலவுக்கு வைத்துக்கொள்பவர். மூன்றாமவருக்குத் தீராத கை நடுக்கம். ரகசிய எண்ணைத் தவறாக அழுத்தி ஒருமுறை அட்டை முடங்கிப்போனதிலிருந்து அதைத் தொடவே அஞ்சுகிறார்.

ஒரு பப்போ கடையோ இப்படி ரொக்கத்தை மறுப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? முதியவர்களைத் தவிர வேறு யாரெல்லாம் இதனால் பாதிக்கப்படுகிறார்கள்? அந்தப் பப்பின் உரிமையாளரிடம் எதைக் கேட்பது நியாயமாக இருக்கும்? “காலம் மாறிவிட்டது, பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்ற அறிவுரையைப் பலரிடம் கேட்டுவிட்டேன். எண்பத்து நான்கு வயதில் கைநடுக்கத்தோடு பழகிக்கொள்ள முடியாதவரை என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை.

பதில்: சட்டத்துறை நண்பர்

அன்புள்ள சகோதரி, முதல் கேள்விக்கான விடை உங்களுக்கு மகிழ்ச்சி தராது. பிரித்தானியச் சட்டம் எந்தக் கடையையும் ரொக்கம் பெறும்படி கட்டாயப்படுத்தவில்லை. எந்த வடிவில் பணம் பெறுவது என்பது விற்பவரின் விருப்பம் என்பதை நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. தாளில் அரசரின் முகம் இருப்பதால் அதை யாரும் மறுக்க முடியாது என்று நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். அந்தப் பாதுகாப்பு, ஏற்கெனவே பட்டுவிட்ட கடனைத் தீர்ப்பதற்கு மட்டுமே உரியது. கடையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு முன் நிற்கும்போது இன்னும் கடன் எதுவும் பிறக்கவில்லை. பப்பில் சாப்பிட்ட பிறகு கணக்குத் தீர்க்கும் வழக்கம் இருந்தால் வாதத்துக்குச் சிறிது இடமுண்டு. ஆனால் வாசலில் அறிவிப்பு தொங்கினால், அந்த நிபந்தனையை ஏற்றே நீங்கள் உணவு கேட்டீர்கள் என்பார்கள்.

2023ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் மற்றும் சந்தைகள் சட்டம் ரொக்கத்தைப் பாதுகாப்பதற்காக, வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்துக்கு அதிகாரம் அளித்தது. ஆணையத்தின் விதிகள் 2024 செப்டம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு வங்கிக் கிளையோ காசு இயந்திரமோ மூடப்படும்போது, அந்த ஊர் மக்கள் பணம் எடுக்கவும் போடவும் வேறு வழி இருக்கிறதா என்று பெரிய வங்கிகள் ஆராய்ந்து, இல்லையென்றால் ஏற்பாடு செய்ய வேண்டும். 2021இல் ரொச்ஃபோர்டிலும் கேம்பஸ்லாங்கிலும் சோதனையாகத் தொடங்கி இன்று பல ஊர்களுக்குப் பரவியுள்ள, பல வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் பொது வங்கி மையங்கள் இந்த முயற்சியைச் சேர்ந்தவை. ஆனால் எடுத்த காசைச் செலவழிக்கும் உரிமையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. என் பார்வையில் குறையின் வேர் இதுதான்: உங்கள் முதியவர் தபால் நிலையத்தில் இருபது பவுண் தாளைப் பெறுவதற்குச் சட்டம் துணை நிற்கிறது, அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து பப்புக்குள் நுழைந்ததும் அந்தத் துணை முடிந்துவிடுகிறது.

உங்களுக்கு உதவக்கூடியது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். சேவை வழங்குவோர், மாற்றுத்திறனாளிகளுக்கான நியாயமான மாற்றங்களை அவர்கள் வந்து கேட்பதற்கு முன்பே சிந்தித்துச் செய்து வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கை நடுக்கம் நீண்டகாலமானதாகவும் அன்றாட வாழ்வை வெகுவாகப் பாதிப்பதாகவும் இருந்தால், அவரிடம் மட்டுமாவது ரொக்கம் பெறுவதை அத்தகைய மாற்றமாகக் கேட்கலாம். வயதை மட்டும் முன்வைத்து வாதிடுவது கடினம். தக்க வணிகக் காரணம் இருக்கிறது என்று அவர்கள் பதில் சொல்ல வழியுண்டு. வழக்கை மனதில் வைக்காமல், சட்டத்தைச் சுட்டிக்காட்டும் கண்ணியமான ஒரு கடிதத்தோடு தொடங்குங்கள்.

பதில்: மூலைக்கடைக்காரர்

அக்கா, நான் இங்கே ஒரு சிறு நகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ரொக்கம் வாங்குகிறேன், இனியும் வாங்குவேன். ஆயினும் அந்தப் பப்காரரைப் பேராசைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய கணக்கையும் பார்க்க வேண்டும்.

எங்கள் நகரத்தில் இருந்த கடைசி வங்கிக் கிளையும் மூடிவிட்டது. 2015 முதல் இந்த நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டதில் அதுவும் ஒன்று. இப்போது அன்றாட வசூலைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் நின்று கட்டுகிறேன், அதற்கு வங்கி கட்டணமும் பிடிக்கிறது. சில்லறை நாணயங்களை வாங்கி வைப்பதற்கும் கட்டணம் உண்டு. இரவு கடை அடைத்த பிறகு எண்ண வேண்டும், குறைந்தால் யார் பொறுப்பு என்று வேலையாட்களோடு மனத்தாங்கல் வரும், கள்ளத்தாள் வந்தால் நட்டம் என்னுடையது, கல்லாவில் காசு இருக்கிறது என்று தெரிந்தால் திருடனும் வருவான். அட்டைக்கும் செலவு இருக்கிறது: சிறு வணிகர்கள் பயன்படுத்தும் கருவிகளில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஏறத்தாழ 1.7 விழுக்காடு போகிறது. ஆனால் அது தானாகக் கழிந்துவிடும். என் நேரத்தைத் தின்பதில்லை. ஆள் பற்றாக்குறையோடு நடக்கும் ஒரு பப்பில் இந்த வேறுபாடு பெரிது.

அப்படியிருந்தும் நான் ரொக்கத்தைக் கைவிடாததற்குக் காரணம், முன்கட்டண மீட்டர் வைத்திருப்பவர்கள். மின்சாரச் சாவியையும் எரிவாயு அட்டையையும் கொண்டுவந்து என் கடையில் பணம் ஏற்றுகிறார்கள். ஐந்து பவுண், பத்து பவுண் என்று, பெரும்பாலும் நாணயங்களாகக் கொட்டி ஏற்றுவார்கள். வங்கிக் கணக்கில் காசு விழுந்த உடனே ஏதாவது ஒரு தவணை அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், கிடைத்ததைக் கையில் வைத்திருக்கிறவர்கள் அவர்கள். இந்த மக்களிடம் “அட்டை மட்டும்” என்று நான் சொன்னால், அன்று இரவு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது பெரிய கடைகள்தான். டெபிட் அட்டை 2017இலேயே ரொக்கத்தை முந்திவிட்டது. 2023இல் நாட்டில் நடந்த கொடுக்கல் வாங்கல்களில் ரொக்கம் நூற்றுக்குப் பன்னிரண்டு மட்டுமே. காசை ஏற்றிச் செல்லும் வண்டி, அதை எண்ணும் கிடங்கு, இயந்திரத்தின் பராமரிப்பு ஆகியவற்றின் செலவு இதற்கேற்பக் குறையவில்லை. அது எஞ்சியிருக்கும் சில தாள்களின் மேல் ஏறுகிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் ஒதுங்கிக்கொண்டால் அந்தச் சுமை முழுவதும் என்னைப் போன்றவர்களின் தலையில் விழும். ஆகவே சட்டம் வருவதாக இருந்தால், உணவும் மருந்தும் விற்கும் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கட்டும். தெருமுனைப் பப் பிறகு.

பதில்: ஆலோசனை நிலையப் பணியாளர்

உங்கள் இரண்டாவது கேள்விதான் என் அன்றாட வேலை. எனவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நடாலி சீனி தலைமையில் 2019இல் வெளிவந்த ரொக்கம் குறித்த ஆய்வறிக்கை, ரொக்கமே இல்லாத சமூகத்தில் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது வயதுவந்தோரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர், சமாளிக்கத் திணறுவார்கள் என்று மதிப்பிட்டது. முதுமையைவிட வறுமையே ரொக்கத்தைச் சார்ந்திருப்பதற்குப் பெரிய காரணம் என்பதையும் அது காட்டியது. என் மேசைக்கு முன் வந்து அமர்பவர்களில் இளைஞர்கள் நிறையப் பேர் இருப்பதால், எனக்கு அது வியப்பாக இல்லை. 2022இல் நிதி நடத்தை ஆணையம் நடத்திய கணக்கெடுப்பின்படி வங்கிக் கணக்கே இல்லாத வயதுவந்தோர் ஏறத்தாழ 11 இலட்சம். பெரிய வங்கிகள் அடிப்படைக் கணக்கு ஒன்றை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது உண்மைதான். நிலையான முகவரியும் அடையாள ஆவணமும் இல்லாதவருக்கு அந்தக் கதவைத் தட்டுவதே பெரும்பாடு.

கணக்குத் திறக்கச் சட்டமே தடை போட்டவர்களும் இருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், இந்நாட்டில் தங்கும் அனுமதி இல்லாதவருக்கு நடப்புக் கணக்குத் திறந்து கொடுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ஆணையிட்டது. நம்மவர்களில் சிலர் மேன்முறையீடுகளில் ஆண்டுக்கணக்காக இந்த நிலையில் கிடந்திருக்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அரசு அவருக்கு வங்கியை மூடுகிறது, கடை அவரிடம் வங்கி அட்டை கேட்கிறது. அவர் ஒரு கோப்பைத் தேநீர் வாங்குவதற்கு என்ன வழி? புகலிடம் கோரியோருக்கு உள்துறை அமைச்சு கொடுக்கும், உதவித்தொகை ஏற்றப்படும் ஆஸ்பென் அட்டை ஒன்று இருக்கிறது. 2021 மே மாதத்தில் அதை நடத்தும் நிறுவனம் மாறியபோது, புதிய அட்டை கிடைக்காமலும் கிடைத்தது இயங்காமலும் குடும்பங்கள் நாட்கணக்கில் உணவுக்குத் தவித்தன. ஒரே அட்டையை நம்பி வாழ்பவர்களுக்குக் கையில் இருக்கும் பத்துப் பவுண் எவ்வளவு பெரிய காவல் என்பதை அந்த வாரங்களில் பார்த்தோம்.

கணவரின் கட்டுப்பாட்டில் வாழும் பெண்களைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. வங்கி அறிக்கையில் ஒவ்வொரு செலவும் இடமும் நேரமுமாகப் பதிவாகிறது. அதைக் கணவர் மாலையில் கைபேசியில் பார்க்கிறார். வீட்டைவிட்டுப் பாதுகாப்பாக வெளியேற எண்ணும் பெண், கடைச் செலவிலிருந்து மிச்சம் பிடித்துச் சேர்க்கும் தாள்கள்தான் அவளுடைய பயணச்சீட்டு. அவளும் தோழியும் சந்தித்துப் பேசும் தேநீர்க் கடை அட்டை மட்டுமே வாங்கினால், அந்தச் சந்திப்பு கணவருக்குத் தெரிந்துவிடும். இதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

பார்வையற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து, இருபது, ஐம்பது பவுண் தாள்களின் மூலையில் விரலால் தடவி அறியும் புள்ளிக் கொத்துகள் உள்ளன. தாள்களின் அளவும் வேறுபடுகிறது. ஆனால் இப்போது பரவிவரும் அட்டைக் கருவிகளில் பொத்தான்களே இல்லாத வழவழப்பான தொடுதிரை இருக்கிறது. திரையில் எவ்வளவு தொகை போட்டிருக்கிறார்கள் என்பதை அவர் பார்க்க முடியாது. ரகசிய எண்ணை வேறொருவரிடம் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

நாடாளுமன்றத்தின் நிதிக் குழு 2025 ஏப்ரலில் இந்த விடயம் குறித்து அறிக்கை வெளியிட்டது. கட்டாயச் சட்டத்தை அது உடனே பரிந்துரைக்கவில்லை. நலிந்தவர்கள் விலக்கப்படாமல் இருக்க அது பிற்காலத்தில் தேவைப்படலாம் என்று எச்சரித்து, நிலைமையை அரசு ஒழுங்காகக் கண்காணிக்க வேண்டும் என்றது. உங்கள் குழுவில் யார் யார் வருவதை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் எழுதி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள். இத்தகைய பதிவு எங்கும் முறையாகச் சேர்க்கப்படுவதில்லை.

பதில்: ஒஸ்லோவிலிருந்து ஒருவர்

நோர்வேயில் ரொக்கப் புழக்கம் பிரித்தானியாவைவிடக் குறைவு. ஆனால் இங்குதான் 2024 அக்டோபர் 1 முதல், ஆட்கள் பணிபுரியும் கடைகளில் வாடிக்கையாளர் ரொக்கமாகக் கொடுக்கும் உரிமை வலுப்படுத்தப்பட்டது. தானியங்கி இயந்திரங்களுக்கும் 20,000 குரோனருக்கு மேற்பட்ட கொள்வனவுகளுக்கும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 1978 முதல் இத்தகைய சட்டத்தை வைத்திருக்கிறது. பிலடெல்பியா 2019இலும் நியூயோர்க் நகரம் 2020இலும் அதே வழிக்கு வந்தன.

அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2018 ஜூன் 1 அன்று விசா நிறுவனத்தின் அமைப்பு பழுதடைந்தபோது ஐரோப்பா முழுவதும் இலட்சக்கணக்கான அட்டைகள் மணிக்கணக்கில் ஏற்கப்படவில்லை. அன்றும் ரொக்கம் வைத்திருந்தவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மீண்டும்: கிழக்கு லண்டன் வாசகி

எல்லோருக்கும் என் நன்றி. குழுவில் ஒருவர் வேறொரு யோசனை சொன்னார்: முதியவர்களிடம் நாங்கள் ரொக்கமாகச் சேர்த்துக்கொண்டு, பப்பில் மொத்தக் கணக்கையும் குழுவின் அட்டையில் கட்டிவிடலாம் என்றார். தற்போதைக்கு அது உதவும். ஆனால் மகனிடமிருந்து காசு வாங்கி வரும் அந்தப் பெரியவர், வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் தன் கையால் பணம் கொடுத்துத் தனக்கும் நண்பருக்கும் சாப்பாடு வாங்குகிறார். அதை நான் அவரிடமிருந்து எடுத்துவிட விரும்பவில்லை. எனவே வார நாட்களில் நண்பகல் முதல் மூன்று மணி வரை மட்டுமாவது ரொக்கம் பெறுமாறு கேட்டுக் கடிதம் எழுதப் போகிறேன். சமத்துவச் சட்டத்தையும் ஒரு பத்தியில் குறிப்பிடுவேன். கடைக்காரத் தம்பி, உரிமையாளர் எளிதில் மறுக்க முடியாதபடி அதை எப்படி எழுதலாம்?

பதில்: மூலைக்கடைக்காரர்

அக்கா, அவருடைய வேலை எங்கே குறையும் என்று பார்த்து எழுதுங்கள். நீங்கள் கேட்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு சிறு காசுப்பெட்டியும் அதற்குப் பொறுப்பாக ஒரே ஒரு வேலையாளும் போதும் என்று சொல்லுங்கள். ஐம்பது பவுண் தாள் யாரும் கொண்டுவர மாட்டோம், சாப்பாட்டு விலையை முழுப் பவுணாக வைத்தால் சரியான தொகையையே கொடுப்போம் என்று குழுவின் சார்பில் உறுதி கொடுங்கள். சில்லறை வாங்கி வைக்கும் செலவு அவருக்கு வராது. சேரும் காசை வங்கிக்குக் கொண்டுபோவது அவருக்குத் தொல்லையாக இருந்தால், அருகில் எந்தத் தபால் நிலையத்தில் அல்லது வங்கி மையத்தில் கட்டலாம் என்பதை முகவரியோடு அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.